ஒலிநாடாக்களைப் பேணுதல்

(ஆவூரிற் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகுந்த பொருள் ஒலிநாடாக்களைப் பேணுதல் என்பதாம். கல்வி, தொழில், ஒற்றுமை ஆகியவற்றைப் பற்றிப் பேசுதற்குரிய இம்மேடையில், பழைய கேசட்டுகளையும் சுருள் நாடாக்களையும் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் கருதுதல் கூடும். முன்னோர் தேடி வைத்த பொருளைக் காத்தல் பின்னோர் கடமை என்பதை நம்முள் மறுப்பார் இலர். நிலமும் வீடும் பொருளாயின், அவர்தம் குரலும் பொருளே. நிலத்திற்குப் பட்டா உண்டு; வீட்டிற்குப் பத்திரம் உண்டு; குரலுக்கோ அந்நாடாவையன்றி வேறு சான்று இல்லை. அது கெடுமாயின் மீட்டற்கு வழியுமில்லை. ஆதலின் இதனைச் சிறு பொருளென்று தள்ளிவிடாது செவிசாய்க்குமாறு வேண்டுகின்றோம்.

நம்மவர் இல்லங்களில் ஒலிநாடா புகாத இல்லம் அரிது. 1970-களின் பிற்பகுதி தொடங்கி, பிழைப்பின் பொருட்டு வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியா முதலிய இடங்களுக்கும் சென்ற தமிழர், ஊர் திரும்புங்கால் டேப் ரெக்கார்டர் ஒன்றைக் கொணர்தல் பெருவழக்காயிருந்தது. எழுத்தறியாத தாய்மார் தம் மக்களுக்குக் கடிதம் எழுதுவிப்பதற்கு மாறாக நாடாவிற் பேசி அனுப்பினர். மக்களும் அவ்வாறே மறுமொழி விடுத்தனர். அக்கருவியே பின்னர்த் திருமணத்தில் முழங்கிய நாகசுரத்தையும், மூதாட்டியர் பாடிய தாலாட்டையும், நடவுப் பாட்டையும், இழவு வீட்டு ஒப்பாரியையும், சங்க ஆண்டுக்கூட்டங்களிற் பெரியோர் ஆற்றிய சொற்பொழிவுகளையும் பிடித்து வைத்தது. இவ்வாவூரிலோ உயிர்ப்புப் பெருவிழாவையொட்டிப் பாஸ்கா நாடகமும் தேரோட்டமும் நிகழ்வதனை நாடறியும். இத்தகைய ஊர்களில் ஆண்டுதோறும் கேட்கும் வசனங்களும் பாட்டுக்களும் என்றும் மாறாதன போலத் தோன்றினும், பாடுவார் மாறுந்தோறும் பாட்டும் சிறிது சிறிதாக மாறுகின்றது என்பதைப் பழைய நாடாவொன்றைக் கேட்டோர் உணர்வர்.

"எழுத்து இருக்கின்றதே, படம் இருக்கின்றதே, ஒலியும் வேண்டுமோ?" என வினவுவார் உளர். அதற்கு விடை நம் மாவட்டத்திலேயே கல்லிற் பொறிக்கப்பெற்றுள்ளது. குடுமியான்மலையிலுள்ள இசைக் கல்வெட்டை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். கி.பி. 7-ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததெனக் கருதப்படும் அக்கல்வெட்டு ஏழு பகுதிகளாகச் சுர அமைப்புக்களைத் தருகின்றது. மாணாக்கர் நலத்தின் பொருட்டு ஓர் அரசனால் அவை ஆக்கப்பெற்றன என அதன் இறுதிப் பகுதி கூறுகின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக வெயிலும் மழையும் தாங்கி எழுத்து நிலைத்து நிற்கின்றது. ஆயினும் அச்சுரங்களை அக்காலத்தார் எந்நடையில், எக்குழைவோடு இசைத்தனர் என்பதை இன்று உறுதியாகக் கூறவல்லார் யாவர்? அறிஞர் பலர் ஆராய்ந்தும் ஊகித்தே கூறுகின்றனர். எழுத்து நின்றது, ஒலி நிற்கவில்லை.

மற்றொரு சான்றும் இவ்வூருக்கு அணித்தே உண்டு. ஆவூரில் வாழ்ந்து பணியாற்றிய வீரமாமுனிவர் தமிழெழுத்திற் செய்த திருத்தத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஏட்டிற் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்றஞ்சி எழுதுவோர் புள்ளியை விட்டமையால், எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் தம்முள் மயங்கின. அம்மயக்கம் நீங்க அவர் வரிவடிவை வேறுபடுத்திக் காட்டினார். குறிலா நெடிலா என்னும் அத்துணைச் சிறு வேறுபாட்டைக் காட்டுதற்கே எழுத்திற்கு இத்துணை இடர்ப்பாடு நேர்ந்ததெனின், ஒரு கிழவியின் ஒப்பாரியில் விம்மலும் இழுப்பும் மூச்சும் வரும் முறையை எழுத்து எங்ஙனம் காட்டும்? நம் மாவட்டத்துக் கஞ்சிரா வித்தகர் மாமுண்டியா பிள்ளை அவர்கள் ஒலிநாடா தோன்றுமுன்னரே மறைந்தவர். அவர்தம் புகழ் நூல்களில் உண்டு. அவர் கை எழுப்பிய நாதம் எந்நாடாவிலும் இல்லை. அண்மையிலுள்ள விராலிமலையிற் சதிர்க்கலையைக் காத்து நின்ற முத்துக்கண்ணம்மாள் அவர்களுக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. அத்தகையோர் பாட்டையும் பேச்சையும் ஒலியாகவே வைத்துக்கொள்ளும் பேறு நம் காலத்தார்க்கு வாய்த்தது. இப்பேற்றை நாம் இழக்கலாமோ?

இனி, நாடாவின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். 1928-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளூமர் என்பார் காகித நாடாவின்மீது இரும்புப் பொடியைப் பசையாற் பூசி ஒலியைக் காந்த வடிவிற் பதிக்கும் முறைக்கு உரிமை பெற்றார். 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னெட்டோபோன் என்னுங் கருவி காட்டப்பெற்றது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் கையடக்கமான கேசட்டை வெளியிட்டனர். பிற்கால நாடாக்களுக்குப் பெரும்பாலும் அமைப்பு ஒன்றே. கீழே மெல்லிய பிளாஸ்டிக் அடித்தளம். அதன்மேல் இரும்புத் துரு இனத்தைச் சார்ந்த நுண்பொடி. அவ்விரண்டையும் ஒட்டி நிற்கும் பசை. ஒலி அப்பொடியிற் காந்தப் பதிவாக உறைகின்றது. கேசட்டு நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் சிறிது குறைவு. 60 நிமிட நாடாவின் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 18 பங்களவு. 90 நிமிட நாடா 12 பங்கு. 120 நிமிட நாடாவோ 9 பங்கே. நீண்ட நேரம் ஓடுமென்று நம்மவர் விரும்பி வாங்கிய 120 நிமிட நாடாவே எளிதில் நீளுவதும் சிக்குவதுமாம்.

காந்தப் பதிவு தானே எளிதில் அழிவதன்று. முதலிற் கெடுவது பெரும்பாலும் பசையேயாம். சிலவகைப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து பிசுபிசுக்கும். அத்தகைய நாடாவைக் கருவியில் ஓட்டினால் கீச்சென்று கத்தும். பழுப்புப் பொடி ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அப்பொடியே நம் முன்னோர் குரல் என்பதை மறத்தலாகாது. 1970-களிலும் 1980-களிலும் ஒலிப்பதிவு நிலையங்களிற் பெரிதும் வழங்கிய சுருள் நாடாக்கள் சிலவற்றிற்கு இந்நோய் மிகுதி. மிகப் பழைய சுருள்களில் அசிட்டேட் அடித்தளம் உண்டு. அது கெடுங்கால் புளித்த காடியின் நாற்றம் வீசும். நாடா சுருங்கி வளையும். அந்நாற்றம் வீசும் சுருளை உடனே பிற நாடாக்களினின்றும் பிரித்து வைத்தல் வேண்டும். வெப்பம் மிகுமிடத்து ஒரு சுற்றின் பதிவு அடுத்த சுற்றிற் படிந்து, பாட்டுத் தொடங்குமுன்னரே அதன் நிழலொலி கேட்பதும் உண்டு. ஈரம் மிகுமிடத்துப் பூஞ்சை பிடித்தலும் நாம் கண்டதே.

இவ்விடத்து நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்று. பொன்னைப் பெட்டியிற் பூட்டி நூறாண்டு வைத்தாலும் பொன்னாகவே இருக்கும். நாடா அத்தகையதன்று. எத்துணைக் காப்போடு வைத்தாலும் அது மெல்ல மெல்ல நலியும். ஆதலின் நாடாவைப் பூட்டி வைத்தலே பேணுதலாகாது; பெயர்த்து வைத்தலே பேணுதலாம். இது நமக்குப் புதிய பாடமன்று. ஓலையின் வாழ்நாள் சிறிது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். செல்லும் பூச்சியும் அரிக்குமுன் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிற் படியெடுத்தனர். அங்ஙனம் பெயர்த்தெழுதப்பெற்ற நூல்களே நமக்குக் கிடைத்தன. பெட்டியில் வைத்துப் பூசித்து, திறந்து பாராது விட்ட ஏடுகள் மண்ணாயின. சங்க நூல்களைத் தேடி ஊரூராய் அலைந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் கண்டு வருந்தியதும் இதுவேயன்றோ? ஓலைக்குச் செய்ததனையே நாடாவிற்கும் நாம் செய்தல் வேண்டும்.

படியெடுக்கும் வரையில் நாடாவை வீட்டிற் காக்கும் முறையைக் கூறுவோம். ஒலிக்காப்பகங்களில் ஏறக்குறைய 18 முதல் 20 டிகிரி வெப்பமும், நூற்றுக்கு 30 முதல் 40 வரை ஈரப்பதமும் இருக்குமாறு அறையை அமைப்பர். சித்திரை வெயிலிற் காயும் நம் சீமையில் அது எல்லார்க்கும் இயல்வதன்று. எனினும் இயல்வன பல உண்டு. ஓட்டுக்கடியிலுள்ள பரணே வீட்டில் மிக வெப்பமான இடமாதலின் நாடாக்களை அங்கிருந்து முதலில் இறக்குக. வெயில் படாத உட்சுவரையடுத்த மர அலமாரியில், தரையினின்றும் உயர்த்தி வைத்திடுக. வெப்பமும் ஈரமும் அடிக்கடி ஏறியிறங்குதல் மிகுந்த கேடாதலின், குளிர்சாதனத்தைச் சிலபொழுது ஓட்டிச் சிலபொழுது நிறுத்தும் அறையினும், என்றும் ஒரே தன்மையாயுள்ள உள்ளறை நன்று. நூல்களை அடுக்குவது போல நாடாக்களை நிமிர்த்தி வைத்தல் வேண்டும், ஒன்றன்மேலொன்றாகக் கிடத்தலாகாது. ஒவ்வொன்றும் தன் கூட்டினுள்ளேயே இருத்தல் வேண்டும். அந்துருண்டையின் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்குமாதலின் அதனை அவ்வலமாரியில் இடவேண்டா. ஒலிபெருக்கிப் பெட்டியின்மேலும், மின்மோட்டாரின் பக்கத்திலும் நாடா வைத்தல் கூடாது. காந்தத்தின் வலி தொலைவிற் குறைவதாகலின், இரண்டு முழம் தள்ளி வைப்பின் பெரும்பாலும் அச்சமில்லை.

இன்னுமொன்று எல்லாரும் இன்றே செய்யத்தக்கது. கேசட்டின் முதுகுப்புறத்து இரு மூலைகளிலும் சிறு பிளாஸ்டிக் தகடுகள் இரண்டு உண்டு. அவற்றை ஒடித்துவிடின் அந்நாடாவில் வேறொன்றைப் பதிவு செய்ய இயலாது. அத்தகட்டை ஒடிக்காமையால் பாட்டியின் பாட்டு அழிந்து அவ்விடத்துத் திரைப்படப் பாட்டு ஏறிய வீடுகள் பல. நாடா விலையுயர்ந்திருந்த காலத்து உலகின் பெரிய வானொலி நிலையங்களிலும், ஒலிபரப்பு முடிந்தபின் நாடாவை அழித்து மறுமுறை பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. அங்ஙனம் இழந்தவற்றை எண்ணி இன்று வருந்துகின்றனர். ஆதலின் கைப்பிழையால் அழிதலை இச்சிறு செயலால் தடுத்துக்கொள்ளுக. அதனோடு, கூட்டினுள்ளிருக்கும் சீட்டில், பாடியவர் அல்லது பேசியவர் இன்னார், இடம் இன்னது, ஆண்டு இன்னது, நிகழ்ச்சி இன்னது என்பவற்றை மையால் எழுதுக. குரலைக் கேட்டு "இது நம் பெரியப்பா" என்று சொல்லவல்ல முதியோர் இன்று இருக்கின்றனர். அவர்க்குப் பின்னர் அது பெயரறியாக் குரலாய்விடும்.

பல்லாண்டு ஓடாது கிடந்த நாடாவை ஆவலால் உடனே கருவியிலிட்டு முன்னும் பின்னும் விரைவாக ஓட்டுதல் தீது. முதற்கண் கண்ணால் நோக்குக. வெண்பூஞ்சையோ பிசுக்கோ காணின் ஓட்டவேண்டா. கருவியின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைத்துத் தூய்மை செய்க. ஹெட்டிற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஏற்றது. அருமையில்லாத வேறொரு நாடாவை முதலில் இட்டுக் கருவி நாடாவைத் தின்னவில்லை என்று தேறுக. கேசட்டினுள் நாடாவை ஹெட்டின்மேல் அழுத்தும் சிறு பஞ்சுத்துண்டு கழன்றிருப்பின், நாடா கெட்டதென்று எறிந்துவிடலாகாது. அந்நாடாச் சுருளை எடுத்து நல்ல கூடொன்றில் மாற்றிப் பொருத்தலாம். நாடா அறுந்திருப்பின் அதற்கெனவுள்ள ஒட்டுநாடாவாலேயே இணைத்தல் வேண்டும். கடையிற் கிடைக்கும் செலோடேப்பின் பசை நாளடைவிற் கசிந்து பக்கத்துச் சுற்றுக்களையும் ஒட்டிவிடும். பிசுபிசுத்த சுருள்களை ஏறக்குறைய 50 டிகிரி வெப்பத்திற் பல மணி நேரம் பதமாகக் காயவைத்து, சில நாட்களுக்கு ஓடத்தக்கனவாக்கும் முறையொன்று வல்லுநரிடம் உண்டு. அதனை வீட்டடுப்பில் எவரும் முயலற்க. காடி நாற்றமுள்ள அசிட்டேட் நாடாவிற்கு அம்முறை முற்றும் ஆகாது.

படியெடுக்கும் முறை இனி. நல்ல கருவியினின்றும் வரும் ஒலியைக் கணிப்பொறியில் எண்ணுருவாகப் பதிதல் வேண்டும். நாடாவை ஓட்டும் முதல் ஓட்டமே படியெடுக்கும் ஓட்டமாகவும் இருத்தல் நன்று. இரண்டாம் ஓட்டத்திற்கு அது தாங்குமோ அறியோம். ஒலிக்காப்பகங்களின் உலகச் சங்கத்தார், குறைந்த அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றும், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் சிறந்ததென்றும் வகுத்துள்ளனர். இவ்வுயர்ந்த அளவில் ஒரு மணி நேர ஒலிக்கு ஏறக்குறைய 2 ஜிகாபைட் இடம் வேண்டும். நூறு மணி நேரத்திற்கு 200 ஜிகாபைட். இன்று சட்டைப்பையில் அடங்கும் வட்டொன்றே இதனைக் கொள்ளும். மூலப்படியைச் சுருக்கப்படாத 'வேவ்' வடிவில் வைத்துக்கொண்டு, உறவினர்க்கு அனுப்புதற்கு மட்டும் 'எம்பி3' முதலிய சுருங்கிய வடிவைப் பயன்படுத்துக. இரைச்சலை நீக்குகின்றோம் என்று மூலப்படியைத் திருத்தலாகாது. திருத்தம் வேண்டின் மற்றொரு படியிற் செய்க. படிகள் மூன்று வேண்டும். அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருத்தல் வேண்டும். வட்டுக்களும் ஓலைபோல் அழியும் இயல்பினவே. ஆதலின் ஆண்டுக்கொருமுறை திறந்து பார்த்து, சில ஆண்டுகட்கு ஒருமுறை புதிய வட்டிற் பெயர்த்தல் வேண்டும். படியெடுத்தாயிற்றென்று மூல நாடாவை எறியவும் வேண்டா.

"நாடா இதுகாறும் கெடவில்லையே; மெல்லப் பார்த்துக்கொள்வோம்" என்பார்க்கு ஒன்று கூறுவோம். நாடா கெடுமுன் அதனை ஓட்டும் கருவி மறைகின்றது. உதிரிப்பாகமும், அதனைச் செப்பனிடும் கைவல்லாரும் அருகி வருகின்றனர். 2019-இல் யுனெஸ்கோவும் ஒலிக்காப்பகங்களின் உலகச் சங்கமும் இதனையே குறித்து எச்சரிக்கை விடுத்தன. 2025 அளவில் காந்த நாடாக்களை வழக்கம்போல் ஓட்டிப் படியெடுத்தல் பல இடங்களில் நின்றுவிடும் என அவ்வெச்சரிக்கை கூறிற்று. ஒரு மணி நேர நாடாவைப் படியெடுக்க ஒரு மணி நேரம் கழிந்தே தீரும். இதிற் குறுக்குவழி இல்லை. எனவே நாள் தள்ளுதற்கு இடமில்லை.

படியெடுத்த ஒலி பின்னர் என்ன பயன் தரும் என்பதற்கு நிகழ்ந்ததொரு சான்று உண்டு. ஆர்னால்ட் பேக் என்னும் ஒல்லாந்து நாட்டு இசையறிஞர் 1938-இல் தென்னிந்தியாவிற் பல இடங்களிற் பாட்டுக்களையும் கருவியிசைகளையும் பதிவு செய்தார். 1984-இல் நாசிர் ஜைராஸ்போய், ஏமி கேட்லின் என்னும் இருவர் அப்பதிவுகளின் படிகளை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய நாடுகளில் அவ்விடங்களுக்கே மீண்டும் சென்றனர். முன்பு பாடியோரையும் அவர்தம் வழிவந்தோரையும் தேடி, நாற்பத்தாறு ஆண்டு கழிந்தபின் அவ்வொலியைக் கேட்பித்தனர். எது நின்றது, எது மாறிற்று, எது மறைந்தது என்பதை அதனால் அறிய முடிந்தது. படிகள் இல்லையாயின் இஃது இயலுமோ? இந்நாட்டு இசைப்பதிவுகளைக் காத்தற்கென 1982-இல் தோன்றிய ஒலிக்காப்பகம் குர்கானில் உண்டு. நம் அண்டை மாவட்டத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்னும் தனியொருவர் தம் இல்லத்திற் சேர்த்த நூல்களே, அவர் மறைவுக்குப் பின் சென்னையில் அவர் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி நூலகமாயின. ஓர் இல்லத்தார் ஊக்கங்கொள்ளின் ஊருக்கே பயன்படும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நம் சங்கம் செய்யத்தக்கதை இனிக் கூறுவோம். நாடாக்களைத் தருமாறு கேட்கின் பலர் தயங்குவர். அத்தயக்கம் நியாயமானதே. படிக்க வாங்கிய ஏட்டைத் திருப்பித் தாராதாரும், வாங்கிய புகைப்படத்தைத் தொலைத்தாரும் எல்லா ஊரிலும் உளர். ஆகவே சங்கத்தார் நாடாவை எவரிடமிருந்தும் எடுத்துச் செல்லலாகாது என்பதே முதல் விதியாதல் வேண்டும். கருவியே வீட்டிற்குச் செல்லுக. வீட்டார் கண்முன் படியெடுத்து, நாடாவையும் ஒரு படியையும் அப்பொழுதே அவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். சங்கத்தின் காப்பில் ஒரு படி இருத்தற்கும், பிறர் அதனைக் கேட்டற்கும் வீட்டார் இசைவை எழுத்திற் பெறுதல் வேண்டும். ஒப்பாரியிலும் குடும்பக் கடித நாடாக்களிலும் பிறர் அறியத்தகாதன பல இருக்கும். "இதனை எவர்க்கும் கேட்பிக்கலாகாது" என்று ஒரு மகள் கூறின் அச்சொல்லைக் காத்தல் நம் கடன்.

இரண்டாவதாக, இளைஞர் நால்வர் ஒவ்வொரு தெருவிலும் உள்ள நாடாக்களை எண்ணிப் பட்டியல் எழுதுக. முதியோர் உடனிருந்து குரல்களை அடையாளங் காட்டுக. மூன்றாவதாக, நன்கு ஓடும் கருவிகள் இரண்டைச் சங்கப் பொதுநிதியினின்றும் வாங்கிச் செப்பனிட்டு வைத்தல் வேண்டும். ஒரு திருமணப் பந்தலின் அலங்காரத்திற்கு நம்மவர் செலவிடும் தொகையில் ஒரு சிறு பகுதியே இதற்கு அமையும். நான்காவதாக, எந்த வீட்டில் பூஞ்சையும் பிசுக்கும் தோன்றியிருக்கின்றனவோ அவ்வீட்டு நாடாவை முதலிற் கொள்க. செல்வரா வறியரா, சங்க நிர்வாகியா அல்லரா என்று வரிசை பார்த்தல் வேண்டா. நாடாவின் நோயே வரிசையை முடிவு செய்க. ஐந்தாவதாக, இப்பணியை நம் குலத்தார் இல்லங்களோடு நிறுத்தலும் தகாது. பாஸ்கா நாடகமும் தேரோட்டமும் ஊரார் அனைவரும் கூடி நடத்துவன. அவற்றின் ஒலியும் அவ்வாறே பொதுவாம். அயலார் நாடாவொன்று கொணரினும் நம் கருவி அதற்கும் ஓடுக.

பெரியோர்களே! கல்லில் வெட்டுவித்தோர் தம் மாணாக்கரை எண்ணி வெட்டுவித்தனர். ஏட்டைப் பெயர்த்தோர் தம் பேரரை எண்ணிப் பெயர்த்தனர். நமக்குக் கிடைத்திருப்பது கல்லினும் ஏட்டினும் அரியதாகிய குரல். அதற்குரிய காலமோ மிகச் சிறிது. இன்று வீடு திரும்பியதும் பரணிலுள்ள பெட்டியை இறக்கி, தகட்டை ஒடித்து, சீட்டில் பெயரெழுதி வைக்குமாறு உங்களை வேண்டுகின்றோம். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வருங்கால் ஒவ்வொரு குடும்பத்தாரும் தத்தம் நாடாக்களின் பட்டியலைக் கொணர்வராயின், இச்சங்கம் செய்த பணிகளுள் அது சிறந்ததொன்றாக விளங்கும் என்பது எம் துணிபு.